அடைத்துப்போன ஏழு தகடுகள்

சாபிரா எங்கள் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் ஒரு ஒயிட்னர் பாட்டில். என் மேஜைமேல் இருந்த அதை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், நேராகக் கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டாள்.

"தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு அடிக்கணும்க்கா. மேல சரியா எழுதி, சின்னதா கையெழுத்து வெச்சி, தேதி போடணும். எங்க பழைய கம்பெனி ரூலு. வெள்ளையப் பூசி மறச்சிட்டா உள்ள இன்னா இருந்துச்சின்னு எவனுக்குத் தெரியும்?" என்றாள்.

வேலைக்கு வந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வந்த கோபத்தில் எனக்கு வாயடைத்துவிட்டது. என் வாழ்க்கையில் அது அபூர்வமாக நடக்கிற காரியம். அன்று மாலை யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பாட்டிலைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

நான் ஐரீன். ராயபுரம் பனைமரத்தொட்டியில் வீடு. என் அண்ணன் சவரிநாதன் எர்ணாவூரில் ஒரு சந்துக்குள் அலுமினியம் வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். கடிதம், ஃபைல் எல்லாம் என் பொறுப்பு. வார்த்து வரும் உருப்படிகளைச் சோதித்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் போடுவதும் நான்தான். இருபது வருஷமாக இதையே செய்ததில் மனிதர்களையும் அப்படியே பிரித்துப் பழகிவிட்டேன். அதில்தான் அடிக்கடி தப்பு நடக்கிறது.

சாபிரா வந்தது 2019-இல். அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தாள். சார்ஜருக்கான சர்க்யூட் போர்டு செய்கிற இடம். அங்கே அவள் வேலை தகடு கழுவுவது. காகிதக் கனத்தில் ஒரு ஸ்டீல் தகடு, அதில் கடுகைவிடச் சின்னதாக ஆயிரக்கணக்கில் ஓட்டைகள். தகட்டைப் போர்டின்மேல் வைத்து ஈயப் பசையை இழுத்தால், பசை ஓட்டை வழியாக இறங்கி வேண்டிய இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக உட்காரும். ஒரு ஓட்டை அடைத்தாலும் போர்டு வீண். பதினோரு வருஷமும் அவள் அந்தத் தகடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்திருக்கிறாள். கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது அவளை இங்கேயே விட்டுவிட்டுப் போனது.

தினமும் மத்தியானம் ஒரு வட்டமான எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கொண்டுவருவாள். மூடியில் அந்தக் கம்பெனியின் முத்திரை இருக்கும். அதென்ன டப்பா என்று ஒருநாள் கேட்டேன்.

"ப்ரைஸ்க்கா," என்றாள். "தகட்டக் கழுவிட்டு படுக்க வெச்சித்தான் காய வெப்பாங்க. ஓட்டைல தண்ணி நின்னுக்கும். நான் சாய்ச்சி மாட்டலாமேன்னு சொன்னேன். அடப்பு பாதியா கொறஞ்சிச்சி. அந்த வருஷம் சிறந்த யோசனைன்னு சர்டிபிகேட்டு குடுத்தாங்க, எங்க சூப்பர்வைசர் சாலமன் சார் பேருல."

"உனக்கு?"

"எனக்குத்தான் இந்த டப்பா."

அவள் முகத்தில் கோபமே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "டப்பாவ அந்த ஆளு மூஞ்சிலயே வுட்டெறிய வேண்டியதுதானே," என்றேன்.

"நல்ல டப்பாக்கா. சோறு சூடா கீது," என்று சிரித்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரேஷன் கார்டத் தவிர வேற ஒரு காயிதத்துலயாச்சும் எம்பேரு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவ்ளோதான்," என்றாள். அதை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

எங்கள் பட்டறையில் அப்போது எல்.இ.டி. தெருவிளக்கின் முதுகை வார்த்துக்கொண்டிருந்தோம். விளக்கின் சர்க்யூட் அந்த அலுமினிய முதுகில் ஒட்டித்தான் உட்காரும். அதன் சூட்டை முதுகு வாங்கி வெளியே விட வேண்டும். உருக்கிய அலுமினியத்தை இரும்பு அச்சுக்குள் ஊற்றும்போது உள்ளே இருக்கும் காற்றுக்கு ஓட ஒரு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் காற்று உலோகத்துக்குள்ளேயே குடியேறிவிடும். வெளியே தடவினால் வழவழவென்று இருக்கும், அறுத்துப் பார்த்தால் உள்ளே குழி. குழி இருக்கும் இடத்தில் சூடு தங்கும், சர்க்யூட் செத்துப்போகும். சரி என்று வழியைப் பெரிதாக வைத்தால், காற்றின் பின்னாலேயே அலுமினியமும் ஓடிவந்து வழியை அடைத்துக்கொள்ளும். பத்துக்கு நாலு உருப்படி இப்படி வீணாகப் போனது. எங்களையும் சேர்த்துச் சந்தில் எட்டு வார்ப்புப் பட்டறை. எட்டிலும் இதே ஒப்பாரிதான்.

2022 ஏப்ரலில், நோன்பு தொடங்கிய முதல் வாரம், சாபிரா மணலி ரோட்டுக் காயலான் கடையிலிருந்து ஒரு கட்டுப் பழைய தகடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட ஈயப்பசைத் தகடுகள். அவற்றை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக வெட்டி, அச்சில் காற்று போகும் துளையில் ஒன்றைப் பொருத்தினாள்.

"காத்து பூந்து போய்டும்ண்ணே. அலுமினியம் இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள வர்றதுக்குள்ளயே ஆறிடும்," என்றாள் என் அண்ணனிடம்.

இரண்டு நாள் வார்த்தோம். நான் அறுத்து அறுத்துப் பார்த்தேன். ஒரு குழி இல்லை. குற்றம் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பட்டறையில் ஏதாவது ஒன்று சரிப்பட்டால் மற்ற பட்டறைகளுக்கும் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்துக்கொள்கிறவனுக்கு அமுக்குணி என்று பெயர் விழுந்துவிடும். அப்புறம் அவன் பட்டறையில் கரண்ட் போனால்கூட எவனும் பக்கத்திலிருந்து ஒயர் இழுத்துக் கொடுக்கமாட்டான். அது சந்தின் பழக்கம். சாபிராவின் பழக்கம், நோன்பில் ஒருநாள் கஞ்சி காய்ச்சி எல்லாப் பட்டறைக்கும் தூக்குவாளிகளில் கொடுப்பது. இரண்டையும் அவள் ஒரே நாளில் செய்துவிட்டாள். ஏழு தூக்கில் கஞ்சி. ஒவ்வொரு தூக்கின் கைப்பிடியிலும் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட ஒரு தகடு.

மூன்றாம் நாள் எங்கள் தகடு அடைத்துக்கொண்டது. அந்த வாரத்துக்குள் சந்தில் எல்லாத் தகடும் அடைத்துக்கொண்டன.

தூக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம். சௌக்கத் அலி பாய் பேரீச்சம்பழம் போட்டு அனுப்பினார். சிவந்தி அக்கா பட்டறையிலிருந்து நாலு மாங்காய் வந்தது. எதிர்ப் பட்டறை ஜெபின் நெத்திலிக் கருவாடு கொடுத்தான். எல்லாத் தூக்கிலும் பண்டத்துக்கு அடியில், காகிதத்தில் மடித்து, அடைத்துப்போன தகடு. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த மரியாதைதான் சாபிராவைப் போட்டு வாட்டியது.

"நாலு வார்த்த திட்டியிருந்தாலாச்சும் மனசு ஆறியிருக்கும்க்கா. மாங்கா குடுத்து அனுப்பறாங்க," என்றாள்.

நானாக இருந்தால் அந்த ஏழையும் அன்றைக்கே தலையைச் சுற்றி எறிந்திருப்பேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகரத் துண்டைக் கட்டி, யாருடையது, எத்தனையாவது வார்ப்பில் அடைத்தது, திரும்பி வந்த தேதி என்று பெயிண்ட் பேனாவால் எழுதினாள். ஒன்றில் தேதியை 19 என்று எழுதிவிட்டு, ஒரே ஒரு கோடு அடித்து, மேலே 20 என்று எழுதி, பக்கத்தில் குட்டியாகக் கையெழுத்துப் போட்டாள். ஏழையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். தோற்றுப்போனதற்கு இத்தனை அலங்காரமா என்று நான் கேலி செய்தேன்.

பெருநாள் முடிந்த பிறகு, சாப்பாட்டு நேரத்தில் அந்த டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்ப்பாள். பழைய உத்தியோகம் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மத்தியானம் டப்பாவைத் திறக்காமலே என்னைக் கூப்பிட்டாள்.

"ஐரீன்க்கா, இங்க வந்து பாரேன். இது ஜெபினுது."

ஜெபின் தன் தகட்டைக் கோணலாகப் பொருத்தியிருக்கிறான். எதையும் நேராகப் பொருத்துகிற வழக்கம் அவனுக்கு இல்லை. ஓரத்து ஓட்டைகளைப் பாதி பாதியாக அச்சின் விளிம்பு மறைத்திருந்தது. நடுவில் உள்ள ஓட்டைகள் எல்லாம் அடைப்பு. பாதி மறைந்த அந்த ஓரத்து ஓட்டைகள் மட்டும் சுத்தமாக இருந்தன. காற்று விளிம்பை ஒட்டி வளைந்து போயிருக்கிறது. அலுமினியத்துக்கு வளைந்து போக நேரமில்லை, முட்டிய இடத்திலேயே ஆறிவிட்டது.

அன்று சாயங்காலமே மூன்று தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு, ஒன்றின் ஓட்டைக்கு நேராக அடுத்ததன் ஓட்டை வராதபடி திருப்பித் திருப்பி அடுக்கி ஒரு வளையத்துக்குள் இறுக்கினாள்.

"ஒரு ஓட்ட இன்னோரு ஓட்டையப் பாக்கக்கூடாதுக்கா. அவ்ளோதான் விஷயம்," என்றாள்.

ஆகஸ்ட் வரை நானூறு வார்ப்பு ஆனது. அடைக்கவில்லை. குழியும் இல்லை. முதல் தடவை பட்ட வெட்கத்தில், நன்றாகச் சோதித்துப் பார்க்காமல் சந்தில் மூச்சு விடுவதில்லை என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த வெட்கம் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது தெரியாது.

அந்த மாதம்தான் என் சித்தப்பா பேத்தி ஜூடி பட்டறைக்கு வந்தாள். கிண்டியில் பேட்டண்ட் வேலை பார்க்கிறவள். பிறந்தநாள் கேக் கொடுக்க வந்தவள் அந்த வளையத்தைக் கையில் எடுத்தாள், வைக்கவே இல்லை. ஒரு பொருளைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிற காகிதம்தான் பேட்டண்ட் என்று எங்களுக்கு விளக்கினாள். விண்ணப்பம் போடும் நாளில் அது புதிதாக இருக்க வேண்டும், ஊருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதென்றால் கிடைக்காது என்றாள்.

விண்ணப்பத்தின் வரைவை நான்தான் நிரப்பினேன். அதில் 'கண்டுபிடித்தவர்' என்று ஒரு கட்டம். நான் சவரிநாதன் என்று எழுதினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. பட்டறை யாருடையதோ பெயரும் அவனுடையது என்று என் கை தானாக எழுதிவிட்டது. சாலமன் மூஞ்சியில் டப்பாவை எறியச் சொன்ன அதே ஐரீன்தான்.

அண்ணன் படித்துப் பார்த்தான். "நான் இன்னா கண்டுபுடிச்சேன் ஐரீனு? மத்தியானத் தூக்கத்தயா?" என்று கேட்டான். பேனாவை எடுத்து என் எழுத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு அடித்தான். மேலே சாபிரா என்று எழுதினான், பக்கத்தில் கையெழுத்து, தேதி. அதற்குள் அவள் ரூல் பட்டறை முழுக்கத் தொற்றியிருந்தது. நான் ஒளித்து வைத்த ஒயிட்னர் இழுப்பறையில் காய்ந்தே போய்விட்டது.

செப்டம்பரில் விண்ணப்பம் போனது. இனி காட்டலாம் என்று ஜூடி சொன்ன மறுநாளே சாபிரா ஏழு பட்டறைக்கும் புது வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சந்து முழுக்கக் குழி போனது. நான் தட்டித் தட்டிப் பார்க்கிற நேரத்தில் பாதி மிச்சமானது.

பிறகு 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. இடுப்பளவு தண்ணீர், அதன்மேல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கசிந்த கறுப்பு எண்ணெய். ஃபைலில் பாதி கூழாகப் போயிற்று. நாங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்தப் பிஸ்கட் டின் உலைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. சாபிரா அதைத் துடைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். இதைப் போய்க் காப்பாற்றுகிறாயே என்று அப்போதும் நான் சொன்னேன்.

2024 மார்ச்சில் ஜூடியிடமிருந்து போன் வந்தது. பேட்டண்ட் தரக்கூடாது என்று மாத்தூர்ப் பக்கத்து வார்ப்புக் கம்பெனி ஒன்று எதிர்ப்பு மனு போட்டிருக்கிறதாம். விண்ணப்பத்துக்கு ஐந்து மாதம் முன்பே இந்தத் தகடு சந்து முழுக்கத் தெரியும், ஆகவே இது புதிதல்ல என்பது வாதம். சாட்சிக்கு ஒரு போட்டோ. ஜெபின் நோன்பு சமயத்தில் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தது. ஒரு கையில் கஞ்சித் தூக்கு, மறுகையில் தகட்டை வானத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறான். கீழே 'சாபிராக்கா கஞ்சியும் சாபிராக்கா கண்டுபிடிப்பும்' என்று எழுதி மூன்று பூப் படம்.

ஜெபின் ஓடிவந்தான். "யக்கா, ஸ்டேட்டஸ்தான வெச்சேன். இப்டி ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்," என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"கஞ்சி மட்டுந்தான் குடுத்தோம்னு சொல்லிடலாம். தகடு அவனே எங்கியோ எடுத்துதுன்னு சொல்லிக்கலாம்," என்றேன் நான். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

சாபிரா என்னைப் பார்த்தாள். "நோன்புக் கஞ்சியோட குடுத்தத குடுக்கலன்னு எந்த வாயால சொல்லுவேன்க்கா?" என்றாள்.

பேட்டண்ட் போனால் பட்டறைக்கு நஷ்டமில்லை. சந்துக்கும் இல்லை. வளையத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போவது ஒன்றே ஒன்று, அவள் பெயர். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுத்த மூன்று நாளும் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறப்பாள், இரண்டு வாயோடு மூடிவிடுவாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் பிஸ்கட் டின்னோடு வந்தாள். திறந்ததும் வெள்ளத்து எண்ணெய் நாற்றம் அறை முழுக்க அடித்தது.

"அக்கா, குடுத்தத இல்லன்னு ஏன் சொல்லணும்? குடுத்தது வேலைக்கு ஆவலன்னு சொன்னா போதும்ல?"

ஏழு தகடும் ஏழு தகரத் துண்டும் அப்படியே இருந்தன. பெயிண்ட் பேனா எழுத்தை எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. ஜூடி வந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஜெயிச்சதை எடுத்து வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன் ஆன்ட்டி. தோத்ததை இவ்வளவு பத்திரமா வெச்சவங்களை இப்பத்தான் பார்க்கறேன்," என்றாள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. பட்டறை ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்தோம். அன்றைக்கு உலையை மூட்டவில்லை. சாபிராவின் மகள் ஹஃப்சா லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டாள். ஜூடி பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொன்னாள். திரையில் ஒரு பெண் அதிகாரி, இன்னொரு கட்டத்தில் எதிர்த்தரப்பு வக்கீல். ஜன்னலுக்கு வெளியே சந்தே நின்றது. ஜெபின் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

வக்கீல் போட்டோவைக் காட்டினார். இந்தத் தகட்டை நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"ஆமா சார். ஏழு பேருக்குக் குடுத்தேன்," என்றாள் சாபிரா.

"ஏழு பேரும் பயன்படுத்தினார்களா?"

"பண்ணாங்க சார். ஏழும் அடச்சிகிச்சி." இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை நான் என்னவென்று சொல்வது. ஒவ்வொரு தகட்டையும் தூக்கிக் காட்டிப் பெயர், வார்ப்பு எண்ணிக்கை, தேதி என்று படித்தாள். சௌக்கத் அலி பாய் இருபத்தாறு. சிவந்தி அக்கா பதினேழு. ஒன்றில் தேதி திருத்தியிருக்கிறதே என்று அதிகாரி கேட்டார்.

"தப்பா எழுதிட்டேன் மேடம். கீழ இருக்கற பத்தொம்பது உங்களுக்கும் தெரியுது பாருங்க. மறைக்கல," என்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சாபிராவே தொடர்ந்தாள். "மேடம், அந்தப் போட்டோவ கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லுங்களேன். ஓட்ட வழியா வானம் தெரியுதா? அது ஒத்தத் தகடு. இப்ப என்னுது பாருங்க."

புது வளையத்தை எடுத்து மேஜை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. பிறகு என் மேஜையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து வளையத்துக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் வாய் வைத்து ஊதினாள். காகிதம் படபடத்தது.

"இன்னொரு முறை," என்றார் அதிகாரி. சாபிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஊதியதில் முதல் தடவை காற்று வரவில்லை, இரண்டாவது ஊதலில் காகிதம் எகிறிப்போய் ஹஃப்சா மூக்கில் ஒட்டியது. ஜன்னலுக்கு வெளியே எவனோ விசிலடித்தான். அது ஜெபின் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேட்டண்ட் அக்டோபரில் வந்தது. ஹஃப்சா போனில் படித்தாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் சாபிரா, வேறு பெயர் எதுவும் இல்லை. சாபிராவின் புருஷன் யாசின் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அன்று துறைமுக கேட்டில் ஐந்து மணி நேரம் வரிசை. முன்னும் பின்னும் நின்ற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் போனில் காட்டியிருக்கிறார். வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் நின்று போலீஸ்காரரிடம் திட்டு வாங்கி, அவருக்கும் காட்டினார். சந்தில் பிரியாணி. எட்டுப் பட்டறையும் மத்தியானத்துக்குமேல் வேலை செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து சாபிரா என்னிடம் வந்தாள். "சாலமன் சார் ரிட்டயராயி காலடிப்பேட்டைல கீறாராம். ஞாயித்துக்கெழம போலாம்னு பாக்கறேன். நீயும் வரியாக்கா?"

சண்டை என்று நினைத்தேன். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

சாலமன் மெலிந்த மனிதர். கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அடையாளம் தெரிந்து உட்காரச் சொன்னார். ஹாலில் சிலுவைக்குக் கீழே கண்ணாடி போட்டு அந்தச் சர்டிபிகேட் மாட்டியிருந்தது. 'சிறந்த யோசனை, 2011'. அவர் பெயர். நான் வாயைத் திறக்கப் போனேன். சாபிரா என் கையை அழுத்தினாள். பையிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து அவரிடம் கொடுத்தாள். பளபளவென்று தேய்த்திருந்தாள்.

"ரொம்ப நாளா எங்கிட்டயே கீது சார். சும்மா குடுக்கக்கூடாதுன்னு கொஞ்சம் தம்ரூட் ஸ்வீட்டு செஞ்சி எடுத்தாந்தேன்."

"என்ன விசேஷம்மா?" என்றார்.

"எனக்கு ஒரு பேட்டண்ட் வந்துச்சி சார். தகடு விஷயந்தான்."

அவர் மூடியில் இருந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ கொடுத்தார், குடித்தோம், வந்துவிட்டோம். வழியெல்லாம் நான் அவளைத் திட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா என்றேன்.

"பாத்திரம்னா திருப்பணும்க்கா. அவ்ளோதான்," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் சாலமன் எங்கள் பட்டறைக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி, உலைச்சூட்டில் வியர்த்துக்கொண்டு, கையில் அதே டப்பா. சாபிராவிடம் நீட்டினார். "நானும் சும்மா தரக்கூடாது இல்ல?" என்றார்.

திறந்தாள். உள்ளே நாலாக மடித்து அந்தச் சர்டிபிகேட். பிரித்தாள். சாலமன் என்ற பெயரின் குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது தெளிவாகப் படிக்க முடிந்தது. மேலே நீல மையில் சாபிரா என்று எழுதி, பக்கத்தில் குட்டியாகக் கையெழுத்து.

"கம்பெனி ரூல்படிதான் திருத்தியிருக்கேன்மா," என்றார். "அன்னைக்கே எழுதியிருக்க வேண்டியது."

சாபிரா காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள், பழைய வழக்கப்படி ஓரம் ஓரமாகப் பார்த்தாள். "தேதி போட்டீங்களா சார்?" என்று கேட்டாள். அவர் விரலால் காட்டினார். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். அண்ணன் உலையைப் பார்க்கப் போகிறேன் என்று போய்விட்டான்.

காகிதம் இப்போது ஆபீஸ் அறையில் பேட்டண்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. டப்பாவைச் சாபிரா அன்றைக்கே கழுவி வைத்தாள். ஆனால் அவர் வெறுமனே கொடுக்கவில்லையே, அதனால் திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று. சேமியா பாயசம் போயிற்று. மீன் கட்லெட்டோடு திரும்பி வந்தது. ஒன்றரை வருஷமாக அது எர்ணாவூருக்கும் காலடிப்பேட்டைக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நேற்று எள்ளுருண்டையோடு வந்திருக்கிறது. இந்த வாரம் எங்கள் முறை, கலகலா சுட்டுப் போடுவது என் பொறுப்பு.